பிறக்காத தம்பியின் சட்டை

எங்கள் வட்டாரத்தில் கொஞ்ச காலம் யாரும் துணி துவைக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. கடையில் சோப்பும் இருந்தது. ஜனங்களுக்கு ஞானம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஞானத்தைக் கொண்டுவந்தவர் தொட்டுச்சொல்லி. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற பழக்கம்தான் நம்மிடம் குறைவாயிற்றே. சைக்கிள் கடைக்கு மேலே இருந்த கூடத்தை வாடகைக்குப் பிடித்து, ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை மாட்டி, நடுவில் ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நீங்கள் உடுத்திக் கழற்றிய துணி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். துவைத்திருக்கக் கூடாது. துவைத்தால் உடம்பின் சேதியெல்லாம் நுரையோடு போய்விடுமாம். அவர் கண்ணை மூடிக்கொண்டு துணியைப் பிசைவார். பிறகு உங்கள் வியாதி, உங்கள் கவலை, உங்கள் மாமியாரின் உள்மனசு எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைப்பார்.

விடிந்தால் வரிசை. மாடிப்படியில் தொடங்கி, சைக்கிள் கடையைச் சுற்றி, பேருந்து நிறுத்தம் வரைக்கும் நின்றது. ஆளுக்கொரு பை, பைக்குள் அழுக்கு. பேருந்தில் வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்தியோடு வந்தார்கள். அந்த வட்டாரத்தில் தொட்டுச்சொல்லியை நம்பாதவர் சலவைக் கடைக்காரர் ஒருவர்தான். அதற்குக் காரணம் பகுத்தறிவு இல்லை, வயிறு.

வரிசையில் நின்றால் காதுக்கு விருந்து.

"என் நாத்தனார் சட்டையைத் தொட்டாருங்க. தொட்ட உடனே, 'இவளுக்கும் இவ புருஷனுக்கும் பேச்சே கிடையாது, பிள்ளைய வச்சுத்தான் பேசிக்கிறாங்க'ன்னுட்டார்."

"வீட்டுக்குள்ள நடக்கிறது அவருக்கு எப்படிங்க தெரியும்?"

"அதான் சட்டை சொல்லுதே."

கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டினார். புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளவில்லை, சட்டை பேசுகிறது. இதில் அவருக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை.

போன உடனே பார்த்துவிட முடியாது. முதலில் அவர் மனைவிக்குப் போன் செய்து, பெயரும் தெருவும் சொல்லி, அடுத்த வாரத்துக்கு நாள் வாங்க வேண்டும். எல்லாம் தெரிந்த மனிதருக்குப் பெயரும் தெருவும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் வரிசையில் நிற்காதவர், அதனால் கேட்கிறீர்கள்.

அந்த வரிசையில் ஒரு நாள் கணக்கரின் மனைவியும் நின்றாள். கணக்கர் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். மனைவிக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. நாள் முழுக்கப் புத்தகத்துக்கு நடுவில் இருக்கிறவள் அங்கே போவாளா என்றால், போனாள். பயம் முன்வாசலில் வந்தால் படிப்பு பின்வாசலில் போய்விடுகிறது.

அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. டாக்டர் பார்த்துவிட்டு, இப்போது சின்னதாக இருக்கிறது, எடுத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்று அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அவளுடைய அம்மா முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் மேஜையிலேயே இறந்தவள். அந்த மேஜை மகளின் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

தொட்டுச்சொல்லி அவளுடைய சட்டையைப் பிசைந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"நெஞ்சுல ஒரு கட்டி இருக்கு. உங்கம்மா தெரியுறாங்க. கத்திக்குக் கீழதான் கண்ணை மூடினாங்க, இல்லையா? அதே கத்தி உனக்கும் காத்திருக்கு. போகாதே. வாரா வாரம் துணி கொண்டு வா. நான் தொடத் தொட அது கரையும்."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டாள். கணக்கர் கெஞ்சினார், கோபப்பட்டார், சாப்பிடாமல் படுத்தும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள், கணக்கரின் தங்கை. குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பூமிக்கு அடியில் ஓடும் குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பவள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தே பழகியவள்.

"அண்ணி, அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு யோசிச்சீங்களா?"

"தொட்டார், தெரிஞ்சுது. நான் யார்கிட்டயும் சொல்லல. உங்கண்ணனும் சொல்லல. எங்கம்மா கதை இங்க யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தர்கிட்டகூட சொல்லல?"

"சத்தியமா சொல்லல."

தங்கையின் கண் அறைக் கதவுக்குப் போனது. ஆணியில் ஒரு புதுச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தளர்வான சட்டை, முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை பட்டன்.

"இது எப்ப தைச்சது?"

"ஆஸ்பத்திரிக்குன்னு தைச்சேன். ஆபரேஷனுக்கு அப்புறம் கையைத் தூக்கி மாட்ட முடியாதாம்."

"எதுக்கு முன்னாடி பட்டன்னு தையல்காரக்கா கேக்கலையா?"

"கேட்டாங்க. ஆனா அவங்ககிட்ட சொல்றதெல்லாம் ஒரு சொல்றதா? வாயில குண்டூசி வச்சிருக்காங்க. அவங்களால 'ம்'னுகூட ஒழுங்கா சொல்ல முடியல."

தையல்காரக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருமுனையில் கடை. நல்ல கை. அளவெடுக்கும்போதும் துணியை மடித்துப் பிடிக்கும்போதும் வாயில் குண்டூசிகளை வரிசையாகக் கவ்விக்கொள்வாள். அவளால் பேச முடியாது என்பதால் எதிரே நிற்பவர்கள் பேசிவிடுவார்கள். பேசாத வாய் ஒன்று அவ்வளவு பக்கத்தில் இருந்தால் மனசில் இருப்பதைக் கொட்டத்தானே தோன்றும். வட்டாரத்துப் பெண்கள் எல்லோரும் அவளிடம் கொட்டியிருந்தார்கள். குண்டூசியும் ஒரு கட்டத்தில் வாயை விட்டு வெளியே வந்தாக வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அவளிடம் துளி விஷம் கிடையாது. கேட்டதைச் சொல்வாள், அவ்வளவுதான். இரக்கத்தோடு, உச்சுக் கொட்டிக்கொண்டு, சில சமயம் கண்ணீரோடு சொல்வாள். அதை விரும்பிக் கேட்க ஒருத்தி வாராவாரம் அங்கே வந்து உட்கார்ந்தாள். அவள் தொட்டுச்சொல்லியின் மனைவி. ஒரு பாவாடையின் ஓரத்தைப் பிரிக்கச் சொல்வாள், அடுத்த வாரம் திரும்ப மடிக்கச் சொல்வாள். அந்தப் பாவாடை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தங்கை கடையில் உட்கார்ந்து இதைக் கண்ணால் பார்த்தாள். வந்து அண்ணியிடம் சொன்னாள்.

"அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல," என்றாள் அண்ணி. "அந்தம்மா துணி தைக்க வர்றாங்க. நீ எதையாவது கோத்துப் பேசாதே."

பார்த்தது போதாது. நிரூபிக்க வேண்டும். குழாய் எங்கே கசிகிறது என்று தெரியாதபோது தங்கையின் அலுவலகத்தில் ஒரு வேலை செய்வார்கள். ஒரு முனையில் சாயம் கலந்து விடுவார்கள். வேறெங்காவது சாயத் தண்ணீர் எட்டிப் பார்த்தால், அது இந்தக் குழாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். சாயத்துக்குத் தகுதி ஒன்றே ஒன்று. அது இயற்கையாக எங்கேயும் இருக்கக் கூடாது. ஆகவே தங்கை, உலகத்தில் எங்கேயும் இல்லாத ஒரு செய்தியைத் தயார் செய்தாள்.

மறுநாள் தையல் கடையில் அளவு கொடுக்க நின்றாள். அக்கா தோளை அளந்துகொண்டிருந்தாள், வாயில் குண்டூசி.

"அக்கா, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எனக்கு ஒரு தம்பி இருந்தான். ரெண்டு பேரும் ரெட்டை. சின்ன வயசுல தண்ணியில மூழ்கிப் போயிட்டான். எங்க வீட்ல அவன் பேச்சையே எடுக்க மாட்டாங்க."

"ம்ம்ம்," என்றாள் அக்கா. கண் கலங்கிவிட்டது.

"சிட்டுன்னு கூப்பிடுவோம். அந்தப் பேரை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. எங்க அண்ணன் தாங்க மாட்டான்."

அக்கா குண்டூசிகளோடு தலையை ஆட்டினாள். அந்தக் கண்ணீரைப் பார்த்துத் தங்கைக்கு உள்ளே உறுத்தியது. நல்ல மனுஷியிடம் பொய் சொல்கிறோமே என்று நிஜமாகவே கூசினாள். ஆனால் அண்ணியின் கட்டி கூச்சத்துக்காகக் காத்திருக்காது. அன்றைக்கே தொட்டுச்சொல்லியின் மனைவிக்குப் போன் செய்து, தன் பெயரில் நாள் வாங்கினாள்.

அப்புறம் நடந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை. செய்தி தெருவைச் சுற்றி வந்தது. பால் ஊற்றுகிறவர் துக்கம் விசாரித்தார். எதிர்வீட்டு அம்மா, "தண்ணியப் பாத்தாலே உனக்கு ஞாபகம் வருமே, எப்படித்தான் தண்ணி ஆபீசுல வேலை பாக்குறியோ" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாடி வீட்டுப் பெரியவர் எல்லோரையும் மிஞ்சினார். வெகுகாலமாக அங்கே குடியிருப்பவர், தமக்குத் தெரியாமல் ஒன்று நடந்தது என்று ஒப்புக்கொள்வாரா?

"எனக்குத் தெரியாதா? இந்தக் கையால தூக்கியிருக்கேன் அந்தப் பிள்ளைய. சுருட்டை முடி. கன்னத்துல குழி விழும்."

பிறக்காத பிள்ளைக்குக் கன்னத்தில் குழி விழுந்துவிட்டது. பாவம், கணக்கர் குழம்பிப்போனார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தானா?" என்று மனைவியைக் கேட்டார்.

"என்னைக் கேட்டா? உங்க தம்பி."

பெரியவர் படியிறங்கி வந்து கணக்கரின் முதுகைத் தட்டினார். "அதிர்ச்சியில மறந்திருப்பே தம்பி. அப்படி நடக்கிறது உண்டு."

அப்பா அம்மா உயிரோடு இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. தங்கையைக் கேட்டால், "கொஞ்ச நாள் பொறுங்கண்ணா" என்கிறாள். கணக்கர் பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு சுருட்டை முடியைத் தேடினார். ஒரு போட்டோவில் ஓரமாக யாரோ நிற்பதுபோல இருந்தது. அது ஜன்னல் திரை.

குறித்த நாள் வந்தது. அண்ணியிடம் தங்கை ஒன்றே ஒன்றைக் கேட்டிருந்தாள். "கூட வாங்க. பாருங்க. அப்புறமும் ஆஸ்பத்திரி வேண்டாம்னா நான் வாயே திறக்க மாட்டேன்." அண்ணி வந்தாள். கணக்கர் வந்தார். தம்பியின் சேதி கேட்கத் தையல்காரக்காவும் கடையை மூடிவிட்டு வந்தாள். கூடம் நிரம்பி வழிந்தது.

தங்கை பையிலிருந்து ஒரு சின்னப் பையன் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். பழுப்பேறி, தூசி படிந்து, ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தது.

தொட்டுச்சொல்லி கண்ணை மூடினார். பிசைந்தார். அவர் உடம்பு ஒருமுறை உதறியது.

"தண்ணி. நிறைய தண்ணி. இது உன் கூடப் பொறந்த உசிரு. ரெட்டை."

கூடத்தில் பெருமூச்சு எழுந்தது.

"ஒரு பக்கம் வெளுத்திருக்கு பாரு. கரையில ஒதுங்கி, வெயில்ல கிடந்த உடம்பு. அம்மா, அம்மான்னு கூப்பிட்டிருக்கான். பேரு தெரியுது. சி... சிட்டு. சிட்டுதானே?"

பின்னால் உட்கார்ந்திருந்த கணக்கர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. பாதிக் கூட்டம் அழுதுகொண்டிருந்தது.

தங்கை மெதுவாகக் கேட்டாள். "ஐயா, இன்னொரு தடவை நல்லா தொட்டுப் பாருங்க. மனுஷங்கன்னா தப்பு வர்றது சகஜம். தப்பா இருக்கலாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். "என் வாய் தப்பு பண்ணலாம்மா. என் கை பண்ணாது."

"சரி. சட்டைக்குச் சொந்தக்காரன் வந்திருக்கான். கூப்பிடட்டுமா?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை சொல்லிவைத்திருந்தபடி துணிக்கடைக்காரர் மூச்சிரைக்க ஏறிவந்தார். அவருடைய அக்குளில் ஒரு பொம்மை. கடை வாசலில், கண்ணாடிக்குப் பின்னால், வெயிலைப் பார்த்தபடி வருஷக்கணக்கில் நின்ற சின்னப் பையன் பொம்மை. மேலே சட்டை இல்லை. ஒரு கையும் இல்லை. அதைக் கூடத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தம்பியே கிடையாது," என்றாள் தங்கை. "ரெட்டையும் கிடையாது. இது இவன் சட்டை. இவன் தண்ணியில இறங்கினதே இல்ல. கடைக்காரர் துடைக்கிறதோட சரி."

ஒரு சாதாரண மனிதன் அந்த இடத்தில், தவறிவிட்டது என்று சொல்லியிருப்பான். தொட்டுச்சொல்லி சாதாரண மனிதரா என்ன? நாற்காலியை விட்டு எழுந்து பொம்மையை நோக்கிக் கையை நீட்டினார்.

"யாரும் கிட்ட போகாதீங்க. போக இடமில்லாத ஆவி ஒண்ணு இந்தப் பொம்மைக்குள்ள இருக்கு. சிட்டுங்கிறது அதோட பேரு."

நம்புவீர்களா, முன்வரிசையில் இருந்தவர்கள் பொம்மையை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். கண்ணெதிரே குட்டு உடைந்த பிறகும் விலகி உட்கார்ந்தார்கள். துணிக்கடைக்காரரே ஒரு அடி பின்னால் போனார். அவர்தான் அதற்குச் சட்டை மாட்டிக் கடையில் நிறுத்தியவர்.

அப்போதுதான் கணக்கர் எழுந்தார்.

"சிட்டு என் ஸ்கூட்டருங்க," என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பழைய ஸ்கூட்டர். வெள்ளம் வந்தப்போ வீட்டுக்குக் கீழ நிறுத்தியிருந்தேன், மூழ்கிப்போச்சு. சிட்டுன்னு நான்தான் பேர் வச்சேன். அதுக்கு அம்மாவெல்லாம் கிடையாதுங்க."

முதலில் சிரித்தது சலவைக் கடைக்காரர். கதவருகே நின்றிருந்தார், வெகுநாளாகச் சிரிக்காத மனிதர். அப்புறம் கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆவிக்குப் பயந்து விலகியவர்கள் அசடு வழியத் திரும்பி வந்தார்கள்.

சிரிக்காதவள் தையல்காரக்கா. முகம் வெளுத்து எழுந்து நின்றாள்.

"நான்தான் சொன்னேன். தம்பி செத்ததை எல்லார்கிட்டயும் சொன்னேன். நெசம்னு நினைச்சுத்தான் சொன்னேன். ஆனா அந்தப் பேரை ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்." ஓரமாக நின்றிருந்த தொட்டுச்சொல்லியின் மனைவியைக் காட்டினாள். "இந்தம்மாகிட்ட. செல்லப் பேரு என்ன, என்னன்னு கேட்டு வாங்கினாங்க. ஐயாதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே, அவர் வீட்ல சொன்னா என்ன கெட்டுப்போகுதுன்னு நினைச்சேன்."

பாருங்கள், எவ்வளவு ஒழுங்கான நியாயம். எல்லாம் தெரிந்தவரிடம் சொல்வதால் ரகசியம் கெடாது. இந்த நியாயத்தின் மேல்தான் அந்தச் சாய்வு நாற்காலி நின்றது.

அக்கா கணக்கரின் மனைவியிடம் திரும்பினாள். "உங்கம்மா கதையையும் நான்தான்மா சொன்னேன். பாவம், நல்லபடியா பிழைச்சு வரணும்னு சொன்னேன். என்னை மன்னிச்சிரு."

கணக்கரின் மனைவி அவளுடைய தோளைத் தொட்டுவிட்டு முன்னால் போனாள்.

"ஐயா, அக்கா நெசம்னு நம்பிச் சொன்னாங்க. தப்புன்னு தெரிஞ்ச உடனே எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னாங்க. நீங்க அன்னைக்கு என்கிட்ட கட்டி கரையும்னு சொன்னீங்க. நான் உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அப்ப உங்களுக்குத் தெரியும்ல, அது கரையாதுன்னு?"

தொட்டுச்சொல்லி மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள்.

"உன் மனசு ஆறுதலுக்காகத்தான்மா..."

"தெரியுமா, தெரியாதா?"

அவர் கையில் இருந்த பொம்மைச் சட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார். துணிக்கடைக்காரர் அதை வாங்கிப் பொம்மைக்கு மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் என்ன செய்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அழுக்குத் துணிகள் எல்லாத் திசையிலிருந்தும் பறந்து வந்து அவர்மேல் விழுந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் துணியைத் தொடாமல் இருக்க முயற்சி செய்தார். மறுநாள் ஜன்னலில் கறுப்புத் திரை இல்லை. சைக்கிள் கடைக்காரர் காலியான கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணக்கர் தங்கையை ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்வி.

"ஏம்மா, தெரிஞ்சே பொய் சொன்னது நீயும்தானே? அவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

"நான் சாயம் விட்டேன் அண்ணா. கசிவு தெரிஞ்ச உடனே, இது சாயம்னு சொல்லிக் குழாயைக் கழுவிட்டேன். அவன் அதையே குடிக்கக் கொடுத்துக்கிட்டு இருந்தான்." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா அக்காவை அழ வச்சது தப்புதான். அதுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும்."

போய்க் கேட்டாள். "என்னை வச்சு விளையாடிட்டியேம்மா" என்று அக்கா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய், "தம்பியெல்லாம் கிடையாதாம், நான் சொன்னது தப்பு" என்று சொல்லி வந்தாள். முதலில் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டவர்கள் இப்போது பாதியிலேயே கதவைச் சாத்தினார்கள். துக்கம் இல்லாத செய்தியில் அவர்களுக்கு ருசியில்லை. அக்கா விடாமல் கதவைத் தட்டினாள்.

கணக்கரின் மனைவி ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து, விட்ட நாளுக்குப் பதில் வேறு நாள் கேட்டு வாங்கினாள். முன்பக்கம் பட்டன் வைத்த அந்தச் சட்டையை எடுத்துப் பையில் வைத்தாள். கட்டியை எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டிருந்தால் தன்னால் உறுதி சொல்லியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். கணக்கர் ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்று அழுதார். இப்போது அவள் நூலகத்துக்குப் போய்வருகிறாள், கையையும் நன்றாகத் தூக்குகிறாள்.

சலவைக் கடையில் கூட்டம் அலைமோதுகிறது. தொட்டுச்சொல்லி வேறெங்கோ போய், துணியை விட்டுவிட்டு, செருப்பைத் தொட்டுச் சொல்வதாகக் கேள்வி. நான் விசாரிக்கவில்லை. ஆகவே நீங்களும் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மாடி வீட்டுப் பெரியவர் மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. தையல்காரக்கா அவருடைய கதவையும் தட்டினாள், பொம்மையைப் பற்றிச் சொன்னாள், ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நீ சொல்றது சரிதான். ஆனா கன்னத்துல குழி விழுமே, அந்தப் பிள்ளைய நான் தூக்கியிருக்கேனே" என்றார். அவர் பொய்யரும் இல்லை, ஏமாந்தவரும் இல்லை. நம் எல்லோரையும் போல நல்ல மனிதர்.

அடுத்த முறை உங்கள் காதுக்கு ஒரு செய்தி வந்தால், அதை அடுத்த காதுக்கு ஊற்றும் முன், சொன்னவரிடம் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு நாள் வாங்க வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம், துணியைக்கூடத் துவைத்துக்கொள்ளலாம்.